ரப்பர் தூதரின் மூன்றாவது படம்

சிரிப்புப் படத்துக்கு முப்பது வருடம் கழித்துத் தொடர்ச்சி எடுக்கிறவர்களை நான் மதிப்பதில்லை. கல்யாணத்தன்று சொன்ன ஜோக்கை, அந்தத் தம்பதிக்குப் பேரன் பிறந்த பிறகு தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று மறுபடி சொல்கிற காரியம் அது. முதல் தடவை சிரித்தவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்திருப்பார்கள். மீதிப் பேருக்குக் காது மந்தமாகியிருக்கும். சொல்கிறவனுக்கு மட்டும் அது இன்னும் சுடச்சுட இருக்கும்.

அப்படி ஒரு கூட்டம் பாலைவனச் சுரங்க ஊரான எங்கள் மர்ரபிக்கு வந்தது. வந்து எங்கள் ஊர்க் கோமாளியைப் பிடித்து ஆட்டிவிட்டுப் போனது. அந்தக் கோமாளியின் பெயர் நெவில் பாஸ்கோ. என் முன்னாள் புருஷன். அவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி ஊர்ச் சங்கத்தார் கேட்டார்கள், ஆண்டு மலருக்காம். நல்லதாக நாலு வார்த்தை என்னிடம் கிடையாது. இருப்பதை எழுதுகிறேன், போட்டால் போடட்டும்.

நான் வூலா. நெடுஞ்சாலையில் பெட்ரோல் போட்டு, சிப்ஸ் பொரித்துக் கொடுக்கிறவள். என் அப்பா கிரேக்கத் தீவொன்றிலிருந்து ஓபல் கல் தோண்ட வந்தவர். நெவில் அவரிடம் கூலிக்குச் சேர்ந்து பிறகு பங்காளி ஆனவன். அவனுடைய தாத்தா காலத்திலிருந்தே சுரங்கக் குடும்பம். உயரமாக, ஒட்டடைக் குச்சி மாதிரி இருப்பான். வேலை மோசமில்லை. மண் சுவரில் கல் எங்கே ஓடும் என்று ஓரளவுக்குத் தெரியும். என்னைக் கட்டிக்கொண்டான். ஊரில் எல்லோரையும் போல நாங்களும் மண்ணுக்குள்தான் வீடு குடைந்துகொண்டோம். வெளியே அடுப்பு மாதிரி எரிந்தாலும் உள்ளே சட்டை மாட்டிக்கொண்டு உட்காரலாம். அந்த வீட்டுப் படுக்கையறைச் சுவரை நான்தான் சுரண்டி வழவழப்பாக்கினேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பிறகு அந்தச் சுவரில் பூராவும் தன் சினிமாப் படங்களை ஒட்டிவைத்தான்.

எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. யாரும் பின்பக்கமாக நடக்க மாட்டோம். ஊரைச் சுற்றி எங்கு பார்த்தாலும் பழைய குழிகள். மூடி கிடையாது, வேலி கிடையாது. விழுந்தால் எலும்பு கூட ஒழுங்காகக் கிடைக்காது. ஊர்க்காரன் விழுந்ததில்லை. போட்டோ எடுக்கிறேன் என்று பின்னால் பின்னால் போகிற வெளியூர்க்காரன்தான் விழுவான். எங்கள் பிள்ளைகளுக்கு நடக்கக் கற்றுக்கொடுக்கும்போதே, பின்னால் ஓர் அடி வைத்தால் பிட்டத்தில் ஒன்று விழும். பின்னால் போகணுமா? நின்று, முழுசாகத் திரும்பி, தரையைக் குனிந்து பார்த்து, அப்புறம் நட. வீட்டுக்குள் சமையலறையில் கூட அப்படித்தான். ஜோடியில் ஒருவர் பின்னால் அடி வைத்து ஆட வேண்டிய வால்ட்ஸைக் கல்யாணத்தில் நாங்கள் ஆடுவதைப் பார்த்தால் வெளியூர்க்காரர்களுக்குச் சிரிப்பு தாங்காது. நல்லவேளை, எங்கள் கிரேக்க ஆட்டம் பக்கவாட்டில் போவது.

முதல் படம் எடுக்க வந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. வேறு கிரகத்திலிருந்து பூமிக்குத் தூதராக ஒருவர் வருகிறார். பெயர் குவாப். பச்சை ரப்பர் உடம்பு, பூசணிக்காய்த் தலை, தரையில் இழுபடும் வால். மேலே கட்டடம் கட்டி வாழ்கிறவர்களை எல்லாம் நாகரிகம் இல்லாதவர்கள் என்று நினைத்து, மண்ணுக்குள் வாழ்கிற எங்கள் ஊர்தான் பூமியின் தலைநகரம் என்று இறங்கிவிடுகிறார். கதை அவ்வளவுதான். நான் கூடச் சிரித்தேன், இல்லையென்று சொல்லவில்லை.

குவாப் வேடத்துக்கு சிட்னியிலிருந்து ஒரு நடிகரைக் கூட்டி வந்திருந்தார்கள். ரப்பருக்குள் போன முதல் நாளே வெயிலில் சுருண்டு விழுந்தார். அதே உயரத்தில் ஓர் ஆள் வேண்டும், சூட்டுக்குப் பழகியவனாக வேண்டும். வேலைக்குப் போகாமல் வாயைப் பிளந்துகொண்டு வேடிக்கை பார்த்து நின்ற நெவிலைப் பிடித்து உள்ளே திணித்தார்கள். குரல் வேறொருவர் கொடுத்தார். நெவில் சும்மா நடந்தால் போதும்.

ஒரு காட்சியில் குவாப்பைப் பார்த்து ஒரு நாய்க்குட்டி குரைக்கும். தூதர் பயந்து பின்வாங்க வேண்டும். நாய் குரைத்தது. நெவில் பின்வாங்குவதற்குப் பதிலாக நின்றான். முழுசாகத் திரும்பினான். அவ்வளவு பெரிய பூசணித் தலையைக் குனிந்து தரையைப் பார்த்தான். பிறகு நிதானமாக நடந்து போனான். பயந்தவன் அப்படிப் போவானா? டைரக்டர் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டார். அதையே வைத்துக்கொண்டார்கள். படம் எங்கெங்கோ ஓடியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் நின்று, திரும்பி, குனிந்து, நடந்தார்கள். அடுத்த வருடமே இரண்டாவது படம் வந்தது. அதில் குவாப் பதினைந்து தடவை திரும்பினார். முதல் படத்தில் பாதி கூட ஓடவில்லை.

அத்தோடு போயிருக்க வேண்டிய விஷயம். ஆனால் இந்த மனுஷனுக்குத் தலைக்கு ஏறிவிட்டது. குழியில் இறங்குவதை நிறுத்தினான். கேட்டால், “கலைஞனோட உடம்பு இது, வூலா. முதுகுல அடி பட்டா என்ன ஆவறது?” என்பான். கம்பெனிக்காரர்கள் ரப்பர் உடம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டதால், லாரி டியூபையும் மெத்தைப் பஞ்சையும் வைத்து இவனே ஒன்று தைத்துக்கொண்டான். வீடு பூராவும் பழைய டயர் நாற்றம். குளிர்காலத்தில் எங்கிருந்தோ ரசிகர்கள் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு வருவார்கள். அவர்களை வரிசையாக நிற்க வைத்து, அந்தத் திருப்பத்தைத் தான் எப்படிக் கண்டுபிடித்தான் என்று பாடம் எடுப்பான். ஒரு வருடம், ஈமு கோழிகளை மாதக்கணக்கில் கவனித்துக் கற்றேன் என்பான். அடுத்த வருடம், ஜப்பானிய நாடகத்திலிருந்து எடுத்தேன் என்பான். அடிலெய்டைத் தாண்டிப் போனதில்லை அந்த ஆள்.

ஊர்க்காரர்கள் பீர் வாங்கிக் கொடுத்து அந்தக் கதையைச் சொல்ல வைத்துச் சிரிப்பார்கள். அவர்கள் சிரிப்பது படத்துக்கு என்று இவன் நினைத்துக்கொண்டான். பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே ஊர் விட்டுவிட்டது. “என்னடா தூதரே, பூமியெல்லாம் சவுக்கியமா?” என்பான் டிராகோ. டிராகோ எங்கள் பக்கத்துக் குழிக்காரன், குரோஷியா நாட்டவன், வாய் மட்டும் இல்லாவிட்டால் நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும். “சவுக்கியம்தான்” என்று இவனும் சொரணையில்லாமல் சொல்வான். ஒரு நாள் ஊர் எதிரில் அவனைப் பார்த்துச் சிரிக்கிற கூட்டத்தில் நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். புருஷனைப் பார்த்து ஊரோடு சேர்ந்து சிரிக்கிறவள் அவனோடு இருக்கக்கூடாது என்று தோன்றியது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெட்ரோல் பங்குக்குப் பின்னால் குடிபோனேன். அவன் குழியில் விழுந்து செத்தாலும் எனக்கு ஒரு வேளைச் சாப்பாடு குறையாது என்று அன்றைக்குச் சொன்னேன். கேட்டவர்களிடமெல்லாம் அதையே சொல்லி வந்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் மூன்றாவது படம் எடுக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது.

நெவிலுக்கு அப்போது அறுபது தாண்டிவிட்டது. முழங்கால் இரண்டும் சரியில்லை. தொப்பை விழுந்திருந்தது. அன்றையிலிருந்து பீர் கிடையாது, சிப்ஸ் கிடையாது. காலையில் எழுந்து குன்றைச் சுற்றி நடந்தான். பெட்ரோல் பங்கு வழியாகத்தான் போகவேண்டும். வேர்க்க விறுவிறுக்க வந்து நின்று தண்ணீர் கேட்பான்.

“யோவ், உன்னைக் கூப்பிட்டாங்களா?” என்றேன்.

“கூப்பிடுவாங்க. வேற யாரு இருக்கா? குவாப்னா நான்தானே.”

“படம் எடுக்கிறவனுக்கு முப்பது வயசு இருக்கும். நீ யாருன்னாவது தெரியுமா அவனுக்கு?”

“வூலா,” என்றான். அந்தக் குரலில் அவன் என்னிடம் பேசி ரொம்ப நாளாகிவிட்டது. “இன்னொரு தடவை அதுக்குள்ள நின்னுட்டா போதும் எனக்கு. ஒரே ஒரு தடவை. அப்புறம் நீங்க எல்லாரும் என்ன வேணாலும் பேசிக்கங்க.”

இப்படி ஒரு மனுஷன் கெஞ்சுவது எனக்குப் பிடிக்காது. தண்ணீரைக் கொடுத்து அனுப்பினேன்.

டைரக்டர் வந்தான். ஹ்யூகோ என்று பெயர். முடியை ஒரு பக்கமாக இழுத்துக் கட்டிக்கொண்டு, குழந்தை முகத்தோடு. வந்தவன் நெவிலைக் கட்டிப் பிடித்தான். “லெஜண்டு! நீங்கதான் சார் என் சின்ன வயசு!” என்று கண்ணில் தண்ணீர் விட்டான். நெவிலும் விட்டான். பிறகு ஹ்யூகோ, மெல்போர்னிலிருந்து வந்திருந்த கிட் என்ற நடனக்காரப் பையனை அறிமுகப்படுத்தினான். இவன்தான் குவாப். நெவில் ‘ஆலோசகர்’. தனி நாற்காலி உண்டு, குடை உண்டு.

மறுநாள் நாங்கள் ஊரே வேடிக்கை பார்க்கப் போனோம். கும்பலாக நிற்கிற காட்சிக்கு எங்களையும்தான் கூப்பிட்டிருந்தார்கள். குடைக்கடியில் நெவில் முடி வெட்டி, சட்டை இஸ்திரி போட்டு உட்கார்ந்திருந்தான். யாரும் அவனிடம் எந்த ஆலோசனையும் கேட்கவில்லை. அந்தக் கிட் நின்று, திரும்பி, குனிந்து, நடந்தான். அழகாகத்தான் செய்தான். சகிக்கவில்லை. பள்ளத்துக்குப் பயப்படாத ஒருவன் தரையைப் பார்த்தால் அதில் என்ன இருக்கும்? சாமி கும்பிடுகிற மாதிரி இருந்தது.

“என்னடா தூதரே, பதவி போச்சா?” என்றான் டிராகோ.

நெவில் கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு அந்த ரப்பர் உடம்பையே பார்த்துக்கொண்டிருந்தான். சாப்பாட்டுக் கடைக்கு வெளியே நிற்கிற பசிக்காரன் மாதிரி பார்த்தான். எனக்கு அவமானமாக இருந்தது. என் அவமானம் இல்லை, ஆனாலும் இருந்தது.

படிப்பாளிகள்தானே, கோடைக்காலத்தில் படப்பிடிப்பு வைத்திருந்தார்கள். எங்கள் ஊர்க் கோடையில் பல்லி கூட நிழலை விட்டு வராது. அந்தக் கிட் நல்ல பையன், முடிந்தவரை தாங்கினான். கடைசிக் காட்சி ஒன்று பாக்கி இருந்தபோது ரப்பருக்குள்ளேயே வாந்தியெடுத்து மயங்கினான். டாக்டர் அவனை விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார். ஹ்யூகோ தலையில் கைவைத்து உட்கார்ந்தான். அப்போது பக்கத்தில் நிழல் விழுந்ததைப் பார்த்து நிமிர்ந்தான். நெவில் சட்டையைக் கழற்றிக்கொண்டு நின்றான்.

நெவிலை உள்ளே போட்டு முதுகு ஜிப்பை இழுக்க இரண்டு பெண்கள் மாரடித்தார்கள். தலையை மாட்டுவதற்கு முன்னால் அவன் கூட்டத்தைப் பார்த்தான். எங்களைத்தான் பார்த்தான். முகம் பூராவும் பல். இதற்காகத்தான் இந்த ஆள் ஒரு வீட்டையும் ஒரு பெண்டாட்டியையும் விட்டான் என்று நினைத்தபோது, போய் அந்தப் பூசணித் தலையாலேயே ஒன்று போடலாமா என்றிருந்தது.

கடைசிக் காட்சி இதுதான். குவாப் பூமியை விட்டு ஒரேயடியாகப் போகிறார். ஊர் ஜனங்கள் நின்று வழியனுப்புகிறோம். எதிரே சாய்வுப் பலகை, அதன் மேல் முனையில் அவருடைய விண்கலத்தின் கதவு. சாயங்கால வெளிச்சத்தில் அவர் கலத்துக்குள் போகிறார். ஹ்யூகோ வந்து நெவிலிடம் விளக்கினான். நாங்கள் பக்கத்தில்தான் நின்றோம்.

“இந்த முறை அந்தத் திருப்பம் வேண்டாம் சார்.”

“வேண்டாமா?” பூசணித் தலைக்குள்ளிருந்து குரல் வந்தது.

“முப்பது வருஷமா அவர் மனுஷங்களுக்கு முதுகைக் காட்டிட்டே இருந்தார். இப்ப காட்ட மாட்டார். ஜனங்களைப் பார்த்துக்கிட்டே, பின்னாடி பின்னாடி நடந்து கலத்துக்குள்ள போறார். கண்ணை எடுக்காம. அதுலதான் சார் இந்தப் படத்தோட ஆழமே இருக்கு.”

ஆழமாம். எங்கள் ஊரில் ஆழம் என்றால் அடிக்கணக்கில் சொல்வோம். சிரிக்க வைக்கத் தெரியாதவன்தான் ஆழத்துக்குப் போவான். நல்லா இருந்த ஒரு கோணங்கித்தனத்தைப் பிடித்து அதற்குத் தத்துவச் சட்டை மாட்டுகிறான் இந்தப் பையன். டிராகோ என் காதில், “பின்னாடி நடக்கவா? நெவிலா? இவன் ஆத்தா சவக்குழிக்குள்ளேர்ந்து எந்திரிச்சு வந்து அறைவாளே” என்றான்.

பலகை பலமான பலகை. அடியில் குழி எதுவும் இல்லை. காலையிலேயே அளந்து, தட்டிப் பார்த்து, ஊர்க்காரர் இருவரை வைத்துச் சரிபார்த்திருந்தார்கள். எல்லோருக்கும் தெரியும். நெவிலுக்கும் தெரியும்.

கேமரா ஓடியது. நெவில் எங்களைப் பார்த்து நின்றான். பின்னால் ஓர் அடி வைக்கக் காலைத் தூக்கினான். நின்றான். முழுசாகத் திரும்பினான், குனிந்து பார்த்தான், நடந்தான்.

“கட்! பரவாயில்லை சார். இன்னொரு தடவை.”

இன்னொரு தடவையும் திரும்பினான். அதற்கடுத்த தடவையும் திரும்பினான். மனசு வேண்டுமென்கிறது, கால் மாட்டேன் என்கிறது. ஒரு தடவை வலது காலைப் பின்னால் கொண்டுபோய், விரலால் பலகையைத் துழாவித் துழாவி, பிறகு அப்படியே ஒற்றைக் காலில் ஆடினான். ஆட்கள் ஓடிப்போய்ப் பிடித்தார்கள். இதுதான் ஈமுவிடமும் ஜப்பான்காரனிடமும் கற்றுக்கொண்ட கலை. அந்தத் திருப்பத்தில் அவன் கண்டுபிடித்தது ஒன்றும் கிடையாது, எங்கள் எல்லோர் காலிலும் இருக்கிற பயம்தான் அது என்று அங்கே நின்ற எல்லோருக்கும் அப்போது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்திருக்கும். யாரும் சிரிக்கவில்லை.

வெளிச்சம் இறங்கிக்கொண்டே வந்தது. ஹ்யூகோ உதவியாளரிடம் தணிந்த குரலில், “விட்டுடலாம். கம்ப்யூட்டர்ல செஞ்சுக்கலாம். முகம்கூடத் தெரியப்போறதில்லை” என்றான். தணிந்த குரல்தான். ஆனால் எங்கள் ஊரில் காற்றில்லாத சாயங்காலத்தில் ஈ பறந்தால் கேட்கும்.

நெவில் பூசணித் தலையைத் தூக்கினான். முகம் வெந்து சிவந்திருந்தது. “தம்பி, ஒரு தடவை குடுங்க. இந்த ஒரு தடவை. முடியலைன்னா நானே இறங்கிப் போயிடறேன்” என்றான். ஹ்யூகோ வானத்தைப் பார்த்தான், சரி என்றான்.

மறுபடி தலையை மாட்டினார்கள். கேமரா ஓடியது.

நெவில் எங்களைப் பார்த்தான். பின்னால் ஓர் அடி வைத்தான்.

வைத்துவிட்டான். அடுத்த அடி வைத்தான். அதற்கடுத்த அடி. ரப்பருக்குள் தோள் நடுங்குவது எனக்குத் தெரிந்தது, அந்தத் தோளோடு பதினோரு வருடம் படுத்தவள் நான். அவன் பின்னால் போய்க்கொண்டே இருந்தான். அந்தப் பழைய நெவில், என் அப்பாவோடு குழியில் இறங்கிய நெவில், யார் சொன்னாலும் கேட்காத அந்த ஆள், பின்பக்கமாக, பார்க்காமல், போய்க்கொண்டிருந்தான். கோணலாகப் போன குதிகால் பலகையின் பக்கவாட்டு ஓரத்துக்கு வந்தது. ஓரத்துக்குக் கீழே ஒரு சாண் பள்ளம். அதற்குக் கீழே கெட்டித் தரை.

“நெவில்! திரும்பு! ஐயோ, திரும்புடா!”

கத்தியது நான். வாயைப் பொத்துவதற்குள் ஊரே கத்தியது. “நெவில்! நெவில்!” என்று ஆணும் பெண்ணும் அலறினார்கள். டிராகோ கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஓடி, பலகையில் பாய்ந்து, அந்த ரப்பர் உடம்பை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். ஒரு சாண் பள்ளத்துக்கு! பிடித்தவன் விடவே இல்லை. “டேய் நெவில், டேய் மாப்ள” என்று அந்தப் பச்சை வயிற்றில் முகத்தை வைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டே இருந்தான்.

ஹ்யூகோ வாயைத் திறந்தபடி நின்றான். சூரியன் போய்விட்டது.

நெவில் தலையைக் கழற்றவில்லை. யாரையும் பார்க்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்றான். “நீங்க அருமையா செஞ்சீங்க சார், அருமை” என்று ஹ்யூகோ ரப்பர் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலையில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டான். அந்தக் காட்சியைக் கம்ப்யூட்டரில் செய்துகொண்டார்கள்.

நெவில் என்னோடு பேசவில்லை. ஊரில் பெட்ரோல் என்னிடம் மட்டும்தான் உண்டு. என்னிடம் வாங்க வேண்டாமென்று அவன் வண்டி ஓட்டுவதையே விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தான். முழங்கால் வலியோடு நொண்டிக்கொண்டு என் கடையைத் தாண்டிப் போவான், தண்ணீர் கூடக் கேட்கமாட்டான். போகட்டும் என்று இருந்தேன். அவன் கேட்டது ஒரே ஒரு தடவை. அந்த ஒரு தடவையைக் கெடுத்தவள் நான். ஆனால் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வராது. எதற்குக் கேட்க வேண்டும்? மறுபடி அவன் பின்னால் நடந்தால் மறுபடி கத்துவேன். அது என் தொண்டை, என்னைக் கேட்டுக்கொண்டு கத்தவில்லை.

படம் முடிந்து அடிலெய்டில் முதல் காட்சி வைத்தார்கள். நெவில் வேடத்தோடு வந்து தியேட்டர் வாசலில் நின்று ரசிகர்களோடு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆள் சொல்லியனுப்பினார்கள். மானம் உள்ளவன் போகமாட்டான். இவன் என் கடைக்கு வந்து நின்றான்.

“அவ்வளவு தூரம் என்னால ஓட்ட முடியாது. கண்ணு சரியில்ல” என்றான்.

“போகாதேயேன். வாசல்ல நிக்கவா கூப்பிடறான்? நீ என்ன கொடிக்கம்பமா?”

“ஓட்டுவியா மாட்டியா?”

ஓட்டினேன். நாள் பூராவும் ஓட்டினேன். அவன் தைத்த அந்த டியூப் வேடம் பின் சீட்டில் ஒரு பயணி மாதிரி உட்கார்ந்து நாறிக்கொண்டு வந்தது. படத்தில் போட்ட ரப்பர் உடம்பை வாடகைக்கு விட்டவர்கள் திருப்பிக் கொண்டுபோய்விட்டார்களாம். அதனால் இவன் சொந்தச் சரக்கைக் கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள்.

வாசலில் நின்றான். ரசிகர்கள் வந்தார்கள். நரைத்த தலை, வழுக்கைத் தலை, பழைய பச்சைச் சட்டை தொப்பையில் ஏறாமல் நின்றது. “ஒரு தடவை திரும்புங்க தூதரே!” என்று கேட்டார்கள். நின்று, திரும்பி, குனிந்து, நடந்தான். கேட்டவர்களுக்கெல்லாம் செய்தான். யாரும் உள்ளே இருப்பது யார் என்று கேட்கவில்லை. ஹ்யூகோ வந்தபோது அவனைச் சுற்றிப் பெரிய கூட்டம். நெவிலைப் பார்த்துக் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனான்.

படம் தொடங்கும் நேரத்தில் நாங்களும் உள்ளே போகப் பார்த்தோம். டிக்கெட் கிழிக்கிற பெண் நல்லபடியாகத்தான் சொன்னாள். “இந்த வாலோட உள்ள விட முடியாதும்மா, வழியில யாராவது தடுக்கி விழுவாங்க. கழட்டிட்டு வரச் சொல்லுங்க.” கழற்றலாம், ஆனால் உள்ளே வேர்வையில் நனைந்த பனியனும் கால்சட்டையும்தான். அதோடு கோட்டுப் போட்ட ஜனங்களுக்கு நடுவில் போய் உட்கார அவனுக்கு இஷ்டமில்லை. கதவைச் சாத்தினார்கள்.

எதிர்க் கடையில் சிப்ஸ் வாங்கி வந்தேன். தியேட்டர் படியில் உட்கார்ந்தோம். பூசணித் தலையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தான். நெற்றியில் டியூபின் கறுப்பு ஒட்டியிருந்தது. உள்ளேயிருந்து படத்தின் இசை கேட்டது, வெடிச் சத்தம் கேட்டது, குவாப்பின் குரலாகப் பேசுகிற புது நடிகரின் குரல் கேட்டது. அவன் காதைக் கதவுப் பக்கம் சாய்த்துக்கொண்டிருந்தான். எதற்காகக் காத்திருந்தான் என்று எனக்குத் தெரியும். அது வரவில்லை. அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒருத்தர் கூடச் சிரிக்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் உள்ளே போய் அந்த ஹ்யூகோவின் குடுமியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரலாம் போலிருந்தது. ஒரு சிரிப்பு. அதைக்கூட இவனுக்கு இவர்களால் செய்து தர முடியவில்லை.

இசை மெதுவாகி, வயலின் இழுக்க ஆரம்பித்தது.

“கடைசி சீன் இதான்,” என்றான் நெவில். “இப்ப பின்னாடி போயிட்டிருப்பான்.”

இரண்டு பேரும் கேட்டோம். உள்ளே யாரோ இருமினார்கள். வேறு சத்தமே இல்லை.

“ஒருத்தரும் கத்தல பாரு,” என்றான்.

“பொம்மை பின்னாடி போனா எவன் கத்துவான்?”

அவன் சிரித்தான். பழைய நெவிலின் சிரிப்பு, பொய்ப் பந்தா இல்லாத சிரிப்பு. பிறகு சிப்ஸில் ஒன்றை எடுத்து, தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, “என் பேரைச் சொல்லிக் கத்துனியே, வூலா. ஊரே கத்துச்சு. நான் உள்ள இருந்து கேட்டுக்கிட்டே நின்னேன், கழட்டவே மனசு வரல” என்றான்.

இந்த ஆள் விழுந்து செத்தாலும் ஒரு வேளைச் சாப்பாடு குறையாது என்று இத்தனை வருடம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அது பச்சைப் பொய் என்று அதே ஊர் முன்னால் தொண்டை கிழியக் கத்திக் காட்டிவிட்டேன். அப்படிக் கத்த வைத்ததற்காக மட்டும் நான் அவனை மன்னிப்பதாக இல்லை.

“ஆறிப்போகுது, தின்னு” என்றேன்.